அடுத்த முயற்சிக்கு முன் அந்த ஃபைலை ஒருமுறை திறந்து பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது. வயது 34. மூன்று வருடமாகக் குழந்தைக்கு முயற்சி. மாதவிலக்கு 36 முதல் 40 நாளுக்கு ஒருமுறை. போன வருடம் ஒரு தடவை கரு தங்கி, ஏழாவது வாரத்தில் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு ஐயூஐ (விந்தணுவைக் குழாய் வழியாகக் கருப்பைக்குள் செலுத்துவது), இரண்டும் பலிக்கவில்லை. "21-ஆம் நாள் ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் குறைவு, முட்டை வெளிவருவதில்லை, நேராக ஐவிஎஃப், அதாவது டெஸ்ட் டியூப் முறைக்குப் போய்விடலாம்" என்கிறார்கள். கணவரின் ரிப்போர்ட் நார்மல். அதற்கு முன் நாங்களாகச் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. குழந்தையின்மை சிகிச்சைப் பிரிவில் பல வருடம் செவிலியராக வேலை பார்த்தவள். மருந்து எழுதுவதோ மாற்றுவதோ உங்கள் டாக்டர் வேலை. ஆனால் டாக்டர் அறைக்குள் போகுமுன் ஃபைலை வாங்கிப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: புதிதாக ஒரு சிகிச்சையில் இறங்குவதற்கு முன், இதுவரை செய்தவை சரியான நாளில், சரியான ஆளுக்குச் செய்யப்பட்டனவா என்று பாருங்கள்.

உங்கள் கேள்வியில் கண்ணை உறுத்தியது அந்த "21-ஆம் நாள்". முட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிலக்கு வரையிலான நாட்கள் பெரும்பாலான பெண்களுக்கு 12 முதல் 14. கூடுவதும் குறைவதும் அதற்கு முந்தைய பாதிதான். அதனால் முட்டை வெளிவரும் நாளைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது ஏறக்குறைய 14-ஆம் நாள். 38 நாள் சுழற்சிக்கு 24-ஆம் நாள். அந்தப் பரிசோதனை பார்க்கும் ஹார்மோன் புரோஜெஸ்டிரோன், முட்டை வெளிவந்த பிறகு கூடுவது. அது உச்சத்துக்கு வருவது முட்டை வெளிவந்து ஏழு நாள் கழித்து. 28 நாள்காரருக்கு அந்த ஏழு நாளைக் கூட்டினால் 21 வரும். அந்தப் பரிசோதனைக்கு இந்தப் பெயர் வந்ததே அப்படித்தான். உங்களுக்கு அது 31-ஆம் நாள். 21-ஆம் நாளில் ரத்தம் எடுத்தால் உங்கள் முட்டை இன்னும் வெளியே வந்திருக்காது, ஹார்மோன் குறைவாகத்தான் காட்டும். உடம்பில் ஒரு குறையும் இல்லாத பெண்ணுக்கும் அப்படித்தான் காட்டும்.

இதை வைத்து உங்களுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லிவிட முடியாது. 35 நாளைத் தாண்டிய சுழற்சி என்றாலே பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறதா, தைராய்டு, பால் சுரப்புக்கான புரோலாக்டின் ஹார்மோன் எப்படி என்று பார்த்தாக வேண்டும். ஆனால் "முட்டை வெளிவருவதில்லை" என்ற முடிவு அந்த ஒரு தாளை வைத்து எடுக்கப்பட்டிருந்தால், அந்த முடிவு நிற்காது. அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு வருமாறு கணக்குப் போட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். நாள் நிச்சயமில்லாவிட்டால் ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை எடுக்கலாம்.

இதே கணக்கு வீட்டில் முயல்வதற்கும் பொருந்தும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். வெளிவந்த முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். ஆகவே கரு தங்க வாய்ப்புள்ளவை முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான். 1995-ல் வெளிவந்த, 221 பெண்களை நாள்தோறும் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு இந்த ஆறு நாளை உறுதிப்படுத்தியது. முட்டை வெளிவந்த மறுநாள் முயன்றவர்களுக்கு அதில் கரு தங்கவில்லை. "10-ஆம் நாள் முதல் 16-ஆம் நாள் வரை" என்ற பொதுவான அறிவுரையைப் பின்பற்றியிருந்தால், நீங்கள் மூன்று வருடமாக உங்கள் ஆறு நாளைப் பெரும்பாலும் தவறவிட்டிருக்கக்கூடும். உங்கள் சுழற்சி 36-க்கும் 40-க்கும் நடுவே ஆடுவதால் 17-ஆம் நாளிலிருந்து 26-ஆம் நாள் வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை உறவு இருந்தால் போதும். தினமும் என்றாலும் தவறில்லை. விந்தணு எண்ணிக்கை நன்றாக உள்ள ஆணுக்கு அதனால் வீரியம் குறைந்துவிடாது. வாரக்கணக்கில் "சேமித்து வைப்பது"தான் கெடுதல்.

முட்டை வெளிவருமுன் கூடும் எல்எச் ஹார்மோனைச் சிறுநீரில் காட்டும் கிட் பயன்படுத்துவதானால் 16-ஆம் நாளிலிருந்து தொடங்குங்கள். கோடு அழுத்தமாக வந்த 24 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டை வெளிவரும். ஆனால் பிசிஓஎஸ் உள்ள சிலருக்கு எல்எச் எப்போதுமே தூக்கலாக இருக்கும், கிட் நாலு நாள் தொடர்ந்து "ஆம்" என்று சொல்லும். அப்படி வந்தால் கிட்டைத் தூக்கி வையுங்கள், காசு மிச்சம். அதைவிட நம்பகமானது வெள்ளைப்படுதலைக் கவனிப்பது. இரண்டு விரலுக்கு நடுவே இழுத்தால் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல அறுபடாமல் நீளும் நாட்கள்தான் உங்கள் நாட்கள். காலையில் எழுந்ததும் உடல் வெப்பம் பார்ப்பதும் உண்டு. அது முட்டை வெளிவந்த பிறகுதான் அரை டிகிரி செல்சியஸுக்குள் ஏறும்; நடந்து முடிந்ததை உறுதிசெய்ய உதவுமே தவிர, முன்கூட்டிச் சொல்லாது.

உறவுக்குப் பிறகு காலைத் தூக்கிவைத்துப் படுத்திருக்க வேண்டுமா என்று கேட்காத பெண்ணே கிடையாது. வேண்டாம். போய்ச் சேர வேண்டியது நிமிடங்களில் போய்விடும், வழிந்து வருவது மீதம். ஆனால் வறட்சிக்காக எச்சிலையோ எண்ணெயையோ கடையில் வாங்கும் ஏதாவது ஜெல்லையோ தடவாதீர்கள். அவற்றில் பல விந்தணுவின் நீச்சலை முடக்கிவிடும். விந்தணுவைப் பாதிக்காதது என்று குறிப்பிட்டே விற்கும் வகை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது கணவர் பக்கம். "ரிப்போர்ட் நார்மல்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எப்போது எடுத்தது? குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஏதாவது காரணம் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த ஃபைல்களில் மனைவியின் தாள்கள் ஒரு விரற்கடை கனத்துக்கு இருக்கும், கணவருடையது ஒரே ஒரு தாள், அதுவும் மூன்று வருடப் பழையது. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 74 நாளாகிறது. வழியில் தங்கும் நாளையும் சேர்த்தால் இன்று எடுக்கும் பரிசோதனை மூன்று மாதத்துக்கு முந்தைய உடம்பைக் காட்டுகிறது. நடுவில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை சரிந்திருக்கும், பிறகு தானாகத் தேறும். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேரும்படி கொடுத்து, புதிதாக ஒருமுறை எடுக்கட்டும். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு விந்தணு 1 கோடியே 60 லட்சம், நகர்பவை 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். "96 சதவீதம் குறைபாடுள்ளவை" என்று படித்துவிட்டு இடிந்துபோய் உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்திருக்கிறேன். நாலு வந்தால் தேர்ச்சி.

அவர் ஜிம்முக்குப் போகிறவரா? போகிறார் என்றால் ஊசியோ பொடியோ எடுக்கிறாரா என்று தனியாக, கோபப்படாமல் கேளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து உள்ளே போனால் மூளை "தேவையான அளவு இருக்கிறது" என்று நினைத்து விதைப்பைக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். உடம்பு முறுக்கேறும், விந்தணு பூஜ்யத்துக்குப் போகும். பெரும்பாலும் நிறுத்திய பல மாதங்களில் திரும்பி வருகிறது. இதை மறைத்துக்கொண்டு மனைவியை ஊசி மேல் ஊசிக்கு அனுப்பிய ஆட்களும் உண்டு. சிகரெட்டைப் பற்றி இருவருக்கும் ஒரே வரி: புகைக்கும் பெண்ணுக்கு முட்டைகள் சீக்கிரம் தீர்கின்றன, ஆணுக்கு விந்தணு கெடுகிறது.

கரு கலைந்ததைப் பற்றிக் கேள்வியில் ஒரு வாக்கியம்தான் எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் எண்ணிக்கை பிசகியவை. மாடிப்படி ஏறியது, வேலைக்குப் போனது, அன்று அழுதது, எதுவும் காரணம் இல்லை. ஒருமுறை கலைந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அடுத்தது தங்குகிறது. சொல்லப்போனால் அது ஒரு தகவலும் தருகிறது: உங்களுக்கு முட்டை வெளிவந்திருக்கிறது, குறைந்தது ஒரு கருக்குழாய் திறந்திருந்தது, விந்தணு போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டாவது முறையும் கலைந்தால் ரத்தம் உறையும் கோளாறுக்கான ஆன்டிபாஸ்போலிபிட் பரிசோதனை, கருப்பையின் வடிவம், தைராய்டு எல்லாம் பார்க்க வேண்டும். ஒன்றுக்குப் பிறகு பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். அப்போது கருப்பையைச் சுத்தம் செய்தார்களா? செய்த பிறகு மாதவிலக்கு முன்பைவிட மிகவும் குறைந்து, ஒரு நாளோடு நின்றுபோகிறதா? அப்படியானால் உள்ளே தழும்பு ஒட்டியிருக்கலாம். அரிதுதான், ஆனாலும் அதை வைத்துக்கொண்டு எத்தனை ஐவிஎஃப் செய்தாலும் விதைக்கிற மண் சரியில்லாத கதைதான். ஹிஸ்டரோஸ்கோபியில் (கருப்பைக்குள் சிறு கேமரா விட்டுப் பார்ப்பது) கண்டுபிடித்து அப்போதே நீக்கிவிடலாம்.

குழாய்ப் பரிசோதனை, அதாவது எச்எஸ்ஜி, கலைந்ததற்குப் பிறகு எடுத்தீர்களா? மாதவிலக்கு நின்றபின், முட்டை வெளிவருமுன் எடுப்பது. வலிக்கும் என்பதை மறைக்க மாட்டேன். ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் கருப்பையை ஒட்டியே "அடைப்பு" என்று ரிப்போர்ட் வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். வலியில் தசை இறுகினாலும் அப்படித் தெரியும். மாறாக, குழாய் நீர் கோத்து வீங்கியிருக்கிறது என்று வந்தால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து ஐவிஎஃப் வெற்றியையே ஏறக்குறைய பாதியாக்கிவிடும். முதலில் குழாயை நீக்குவதோ அடைப்பதோ செய்துவிட்டுத்தான் கருவை வைப்பார்கள்.

ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட் கையில் இருக்கும். அந்த எண் முட்டைகள் எத்தனை மீதம் என்பதைக் காட்டும், அவற்றின் தரத்தைக் காட்டாது. ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க உதவும். இயற்கையாகக் கரு தங்குமா என்பதற்கு அது ஜாதகம் இல்லை. குழந்தையின்மை வரலாறு இல்லாத, 30 முதல் 44 வயதுப் பெண்களை வைத்து 2017-ல் வந்த ஓர் ஆய்வில், ஏஎம்எச் குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருவுற்றார்கள்.

இரண்டு ஐயூஐ பலிக்கவில்லை என்பது பெரிய தோல்வி இல்லை. ஒரு தடவைக்குப் பத்தில் ஒருவர், இருவருக்குத்தான் அது பலிக்கும். எந்தக் குறையும் இல்லாத இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்றுதான் வாய்ப்பு. ஃபைலில் பார்க்க வேண்டியது வேறு: முட்டை இருக்கும் நீர்ப்பை எத்தனை மில்லிமீட்டர் இருந்தபோது முட்டை வெளிவர ஊசி போட்டார்கள், எத்தனை மணி நேரம் கழித்து ஐயூஐ செய்தார்கள், கருப்பை உட்சுவர் எவ்வளவு தடித்திருந்தது, முட்டை வளர எந்த மாத்திரை கொடுத்தார்கள். பிசிஓஎஸ் உறுதியானால் மாத்திரையின் பெயர் முக்கியம். 2014-ல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்த ஒப்பீட்டில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும், குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. அதிலிருந்து லெட்ரோசோல்தான் முதல் மருந்து. எடை கூடுதலாக இருந்தால் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை தானாக வெளிவரத் தொடங்கும். 80 கிலோ என்றால் நாலு கிலோவில் மாற்றம் தெரியலாம். 55-க்குப் போக வேண்டியதில்லை.

என் கணக்கு இது: ஒரு மாதம் பரிசோதனைகளைச் சரியாக எடுங்கள். பிறகு ஸ்கேன் வைத்துப் பார்த்து மூன்று நாலு சுழற்சி ஒழுங்காக முயலுங்கள். அதிலும் இல்லை என்றால் ஐவிஎஃப். 34-ல் இதற்கு நேரம் இருக்கிறது. நீங்கள் 39 என்று எழுதியிருந்தால் இந்தப் பதிலையே வேறு மாதிரி எழுதியிருப்பேன். அங்கே ஆறு மாதம் பெரிய சொத்து. குழாய் இரண்டும் கெட்டிருந்தாலோ, கணவரின் எண்ணிக்கை மிகக் குறைவாக வந்தாலோ, அப்போதும் காத்திருக்க வேண்டாம்.

இதற்கிடையில் ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம். குழந்தையின் தண்டுவடக் குழாய் கருவுற்ற நாலு வாரத்துக்குள் மூடிவிடும், நாள் தள்ளிப்போனது தெரிவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். அதனால் முன்பே தொடங்க வேண்டும். சர்க்கரை நோயோ வலிப்பு மாத்திரையோ இருந்தால் அளவு கூடும், டாக்டர் சொல்வார். ரூபெல்லாவுக்கு (ஜெர்மன் தட்டம்மை) எதிர்ப்புச் சக்தி இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் இடைவெளி விட வேண்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது தைராய்டு, ஹார்மோன் பரிசோதனைகளின் எண்ணையே புரட்டிவிடும். ரத்தம் கொடுக்குமுன் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று லேபில் கேளுங்கள். முட்டை வெளிவரும் நாட்களில் இபுபுரூஃபன் வகை வலி மாத்திரையைத் தவிர்த்து, தேவையானால் பாராசிட்டமால் போடுங்கள். முகப்பரு, ரத்த அழுத்தம், வலிப்பு, எதற்காவது தொடர் மருந்து இருந்தால் டாக்டரிடம் பட்டியலைக் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்றபடி "முட்டைத் தரத்தைக் கூட்டும்" என்று அட்டைப்பெட்டியில் எழுதி விற்பவற்றில் பெரும்பாலானவை விற்பவரின் தரத்தைத்தான் கூட்டுகின்றன.

ஐவிஎஃப் வரை போனால் கூடுதலாக விற்கப்படும் சேவைகளை யோசித்து வாங்குங்கள். கருப்பை உட்சுவரைக் கீறிவிட்டால் கரு ஒட்டும் என்று பல வருடம் செய்தார்கள். 2019-ல் 1,364 பெண்களை இரண்டு குழுவாக்கிப் பார்த்தபோது குழந்தை பிறந்தது கீறியவர்களிலும் 26.1 சதவீதம் பேருக்கு, கீறாதவர்களிலும் 26.1 சதவீதம் பேருக்கு. கரு வைத்த பிறகு படுக்கையிலேயே கிடப்பதும் உதவாது. எழுந்து நடங்கள். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு ஊசியால் சினைப்பைகள் வீங்கி வயிறு உப்பும் அபாயம் கூடுதல். மூச்சு வாங்கினாலோ சிறுநீர் குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"டென்ஷன் ஆகாதே, தானா நிற்கும்" என்று சொல்கிறவர்களிடம் சண்டை போட வேண்டாம், நம்பவும் வேண்டாம். 3,583 பெண்களை உள்ளடக்கிய 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு 2011 கட்டுரை, சிகிச்சைக்கு முன் இருந்த மனக்கவலைக்கும் கரு தங்குவதற்கும் தொடர்பில்லை என்று கண்டது. அழ வேண்டும் என்றால் அழுங்கள், அதனால் கரு போய்விடாது. "ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற கேள்விக்கு இருவரும் பேசி ஒரே ஒரு வரியை முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் வீட்டு ஆட்களுக்கு அவர் அதைச் சொல்லட்டும்.

சிகிச்சை முடிந்து, கரு தங்கியதா என்று காத்திருக்கும் அந்த இரண்டு வாரம் பற்றி ஒன்று. ஒரு பெண் ஏழு கர்ப்பப் பரிசோதனை கிட்களை ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாக ஒட்டி, கீழே தேதி போட்டுக் கொண்டுவந்தார். முதல் நாளில் கோடு நல்ல சிவப்பு, அப்புறம் ரோஸ், ஏழாவதில் கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும். "தங்கிக் கலைந்துவிட்டதா?" என்று கேட்டார். தங்கவே இல்லை. முட்டை வெளிவரப் போட்ட ஊசியிலேயே எச்சிஜி, அதாவது கரு தங்கினால் ஊறும் ஹார்மோன் இருக்கிறது, கிட் தேடுவதும் அதைத்தான். ஊசி மருந்து வெளியேறப் பத்து முதல் பதினாலு நாள் ஆகும். அந்தத் தாளில் இருந்தது மருந்து வடிந்த வரலாறு. மார்பு கனப்பதும் வயிறு உப்புவதும் புரோஜெஸ்டிரோன் மாத்திரையால் வரும், அவற்றையும் அறிகுறியாக எண்ணாதீர்கள். சொன்ன தேதியில் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனை எடுங்கள்.

பாசிட்டிவ் வந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவராக இருந்தால் உடனே அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். ஒரு பக்கம் குத்தும் வயிற்றுவலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் இரவு என்று பார்க்காமல் கிளம்புங்கள், கரு குழாயில் தங்கியிருக்கலாம்.

முதல் ஸ்கேனுக்குப் போகும்போது அந்தப் பழைய கணக்கு மறுபடி வரும். கடைசி மாதவிலக்கிலிருந்து வாரம் எண்ணுவது 28 நாள் சுழற்சியை வைத்து. இயற்கையாகத் தங்கினால் உங்கள் கரு அந்தக் கணக்கைவிடப் பத்து நாள் இளையதாக இருக்கும். தாளில் ஆறு வாரம் என்று எழுதியிருக்கும்போது உள்ளே நாலரை வாரம்தான், துடிப்பு தெரியாது. எட்டரை வாரம் என்று கணக்கு வரும்போது போனால் உண்மையில் ஏழு வாரமாக இருக்கும், நன்றாகத் தெரியும். முன்னமே எடுக்கச் சொன்னால் எடுங்கள். ஆனால் ஸ்கேன் சீட்டில் கடைசி மாதவிலக்குத் தேதிக்குப் பக்கத்தில் "38 நாள் சுழற்சி, முட்டை வெளிவந்தது ஏறக்குறைய 24-ஆம் நாள்" என்று உங்கள் கையாலேயே எழுதிக்கொடுங்கள்.